எல்கடுவ ஏற்றமும் ரேடியேற்றர் விசிறியும்

இலங்கையின் மோட்டார் வாகன வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் வாகனச் சொந்தக்காரர்களின் வரலாற்றையே எழுதியிருக்கிறார்கள். எந்தத் துரை எந்தக் காரைக் கப்பலில் வரவழைத்தார், நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தில் யார் ஓட்டினார் என்பன போன்ற செய்திகளுக்குப் பழைய பத்திரிகைகளிலும் நினைவு மலர்களிலும் குறைவில்லை. அதே மலைப்பாதைகளில் கொதித்து நின்ற வாகனங்களுக்குப் பீலியிலிருந்து தண்ணீர் சுமந்த கிளீனர்களையும், அவற்றை மறுபடியும் ஓடவைத்த மெக்கானிக்குகளையும் பற்றிய பதிவுகள் மிகச் சொற்பம். இக்கட்டுரை அவர்களுடைய தொழிலறிவின் ஒரு சிறு பகுதியைப் பற்றியது. ரேடியேற்றரின் பின்னால் சுழலும் விசிறி, எஞ்சினின் பெல்டை விட்டு மின்சார வயருக்கு மாறியபோது மலைநாட்டில் என்ன நேர்ந்தது என்பதே இதன் பொருள். அதைச் சொல்வதற்கு எல்கடுவ ஏற்றத்தைவிடப் பொருத்தமான இடத்தை நான் அறியேன்.

மாத்தளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தென்கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவை நோக்கிப் பாதை ஏறத் தொடங்கினால், தோட்டங்களையும் காடுகளையும் கடந்து எல்கடுவவை அடையலாம். ஹுனாஸ் நீர்வீழ்ச்சியைப் பார்க்க வரும் உல்லாசப் பயணிகளுக்கும் இந்த ஊர் தெரியும். மறுபுறம் வத்தேகம வழியாகக் கண்டிக்கு இறங்கலாம். இரு வழிகளும் ஒடுங்கியவை, வளைவுகள் மிகுந்தவை. கோப்பிக் காலத்தில் தோன்றிய தோட்டங்கள், 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோயால் கோப்பி அழிந்தபின் தேயிலைக்கு மாறின. 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் வந்தது. அதற்கு முன்பு, தலைமன்னாரில் கரையிறங்கிய எம்மவர்கள் காட்டு வழியே நடந்து வந்து சேர்ந்த இடமும் மாத்தளைதான். மலையகத்தின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடத்தப்பட்ட நடைபயணம் அந்தப் பாதையையே பின்பற்றியது. காலால் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் பிற்காலத்தில் சில்லுகளை ஓடவைப்பவர்கள் ஆனார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

பெற்றோல் எஞ்சினில் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் சில்லுகளைச் சென்றடைகிறது. மற்றதில் பெரும்பகுதி வெப்பமாகிறது. ஒரு பகுதி சைலன்சர் வழியாகப் போய்விட, இன்னொரு பகுதியைத் தண்ணீர் சுமந்துவந்து ரேடியேற்றரில் இறக்க வேண்டும். அங்கே காற்று பாய்ந்தால்தான் அந்தச் சுமை இறங்கும். சமவெளியில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் காருக்கு ஓட்டத்தின் காற்றே போதும். விசிறி நின்றுபோனாலும் அநேகமாகத் தெரியவராது. மலையேற்றத்தில் நிலைமை தலைகீழ். முதலாம் இரண்டாம் கியரில், 15 அல்லது 20 கிலோமீற்றர் வேகத்தில், எஞ்சின் தன் முழு வலுவையும் கொடுத்துக்கொண்டிருக்கும். வெப்பம் உச்சத்தில், எதிர்க்காற்றோ மிகக் குறைவு. அந்த வேளையில் ரேடியேற்றருக்கு விசிறியே கதி.

உயரமும் தன் பங்குக்குச் சோதிக்கிறது. கடற்கரையில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், 1000 மீற்றர் உயரத்தில் ஏறத்தாழ 97 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேற்றர் மூடியில் இருக்கும் ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும் உள்ளே அழுத்தத்தைத் தேக்கி, கொதிநிலையை 120 பாகை அளவுக்கு உயர்த்துகின்றன. வளையம் வெடித்துப் போன மூடி இந்த வேலையைச் செய்யாது. மாத்தளைச் சந்தியில் தாங்கிய கார் மலையுச்சியில் தாங்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

பழைய கார்களின் அமைப்பு எளிமையானது. 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனரின் முதல் வகையில் தண்ணீர்ப் பம்ப்கூட இருக்கவில்லை. சூடான தண்ணீர் தானாக மேலெழுந்து ரேடியேற்றரின் தலைக்குப் போகும். குளிர்ந்தது கீழிறங்கி எஞ்சினுக்குத் திரும்பும். பின்னர் வந்த மொரிஸ்களிலும் ஒஸ்டின்களிலும் பம்பும் விசிறியும் ஒரே தண்டில் பூட்டப்பட்டு, எஞ்சினின் முன்புறத்து ரப்பர் பெல்டால் சுழன்றன. பெல்ட் விசிறியில் ஒரு நேர்மை இருந்தது. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அவ்வளவு வேகமாக விசிறியும் சுழலும். ஏற்றத்தில் சிறிய கியரில் எஞ்சின் அலறும்போது விசிறியும் சேர்ந்து அலறும். பெல்ட் தளர்ந்தால் கீச்சிடும். அறுந்தால் டைனமோவும் நின்று, டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத இரகசியம் எதுவும் அதில் இல்லை.

அதற்கும் மேலாக, அந்த எஞ்சின்கள் பொறுமைசாலிகள். மொரிஸ் மைனரின் எஞ்சினுக்கு அடிப்பாகமும் வார்ப்பிரும்பு, மேலே மூடும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. ஒருமுறை கொதித்தால் நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஏறிவிடலாம். மலைநாட்டுப் பாதைகளின் ஓரமாக ஊற்று நீர் விழும் பீலிகள் அந்நாளில் சாரதிகளுக்குப் பெற்றோல் ஷெட்டுக்கு அடுத்த முக்கியத்துவம் உடையவை. எந்த வளைவில் பீலி இருக்கிறது, எந்த மாதத்தில் அது வற்றும் என்பது சாரதித் தொழிலின் பாடத்திட்டத்தில் அடங்கியிருந்தது.

விசிறி பெல்டை விட்டு விலகியதற்குக் காரணம் எஞ்சினைக் குறுக்கே திருப்பிவைத்ததுதான். மொரிஸ் மைனரை வடிவமைத்த அதே அலெக் இசிகோனிஸ் 1959இல் மினி காரைக் கொண்டுவந்தார். இடத்தை மிச்சப்படுத்த எஞ்சினைக் குறுக்காக வைத்து, முன்சில்லுகளை இயக்கினார். எஞ்சின் திரும்பியதும் விசிறியும் பக்கவாட்டை நோக்கியது. ஆகவே அவர் ரேடியேற்றரையும் எஞ்சினின் பக்கத்திலேயே வைத்து, பெல்ட் விசிறியைத் தக்கவைத்தார். இத்தாலியில் தாந்தே ஜியாகோசாவின் குழுவினர் வேறு வழி கண்டார்கள். ரேடியேற்றர் எதிர்க்காற்று படும் முன்புறத்திலேயே இருக்கட்டும். விசிறிக்குத் தனியாக ஒரு மின்மோட்டார் கொடுப்போம் என்பது அவர்களுடைய முடிவு. 1969இல் வந்த பியட் 128 இந்த ஏற்பாட்டுடன் உலகெங்கும் புகழ்பெற்றது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் சிறிய, முன்சில்லு இயக்கக் கார்கள் பெருகியபோது மின்விசிறியும் கூடவே பரவியது. தேவைப்படும்போது மட்டும் சுழல்வதால் எரிபொருளும் ஓரளவு மிச்சமாயிற்று.

இலங்கைக்கு இந்த மாற்றம் தாமதித்தே வந்தது. 1960களின் அந்நியச் செலாவணி நெருக்கடி கார் இறக்குமதியை இறுக்கியது. 1970இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசின் காலத்தில் அது மேலும் இறுகியது. உப்பாலி விஜேவர்தனவின் நிறுவனம் மஸ்டா, பியட் கார்களை உள்நாட்டில் பொருத்தி விற்றமை அக்காலத்தின் ஒரு முயற்சி. பெரும்பாலோருக்கு வாய்த்தது ஐம்பதுகளின் பழைய கார்தான். இலக்கத் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தைத் தாங்கி, 1958இல் ஒரு பெரும் போராட்டத்துக்கும் இரத்தக்களரிக்கும் பின்னணியாக இருந்த அந்தத் தலைமுறை வாகனங்களில் பல, அரசியல்வாதிகளைவிட நீண்டகாலம் ஓடின. உதிரிப்பாகம் கிடைக்காத நாட்டில் எல்லாவற்றையும் கையாலேயே செய்யப் பழகினார்கள். எந்த அளவுக்கு என்றால், 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொரிஸ் மைனர் நிலையமொன்று தனக்கு வேண்டிய உதிரிப்பாகங்களைத் தென்னிலங்கைப் பட்டறையொன்றில் செய்விக்கும் நிலை வந்தது. காரைப் பெற்ற நாடு அதன் உறுப்புகளுக்காகப் பழைய குடியேற்ற நாட்டைத் தேடிவந்தது.

1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின் ஜப்பானியக் கார்கள் குவிந்தன. 1981இல் நிசான் சனியும், 1983இல் டொயோட்டா கொரோலாவும் முன்சில்லு இயக்கத்துக்கு மாறின. அவை புதிதாகவும் ரீகண்டிஷன் செய்யப்பட்டும் வந்து இறங்கின. இந்தியாவிலிருந்து மாருதி 800 வந்தது. எல்லாவற்றிலும் மின்விசிறி. எல்லாவற்றிலும் குறுக்கே வைத்த எஞ்சின். அவற்றுட் பெரும்பாலானவற்றில் எடை குறைந்த அலுமினிய ஹெட். இரும்பு அடிப்பாகமும் அலுமினிய ஹெட்டும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை. ஒருமுறை நன்றாகக் கொதித்தால் ஹெட் வளையும்; காஸ்கட் எரியும்; தண்ணீரும் எண்ணெயும் கலக்கும். தாத்தா காலத்துக் கார் பலமுறை மன்னித்த குற்றத்தைப் பேரனின் கார் ஒருமுறைகூட மன்னிக்கவில்லை. அதுமட்டுமன்றி, மின்விசிறி பழுதடைவதை எந்த ஓசையும் அறிவிப்பதில்லை. எப்போதாவது மட்டும் சுழலும் ஒன்று எப்போது நின்றுபோனது என்று யாரால் சொல்ல முடியும்?

2011இல் ஒரு செய்தித் தேவைக்காக வவுனியாவிலிருந்து ஏ-9 வீதி வழியே மாத்தளைக்கு வந்து, அங்கிருந்து எல்கடுவவுக்கு ஏறினேன். வாடகைக்கு அமர்த்திய கார் கால் நூற்றாண்டு கடந்த ஒரு ஜப்பானியக் கார். மதவாச்சியின் வெயிலிலும் தம்புள்ளையின் வெயிலிலும் நடுவில் நின்ற வெப்பமானி முள், மலையின் குளிர்காற்று முகத்தில் பட்டபின்னரே சிவப்பை நோக்கி நகர்ந்தது. சாரதி காரை ஓரங்கட்டினார். கடைத்தெருவிலிருந்து அழைத்துவரப்பட்ட இளைஞர், தோட்டத்து லயத்தில் பிறந்து மாத்தளையில் வயரிங் பாஸ் ஒருவரிடம் தொழில் பழகியவர். வன்னி வெயிலில் கொதிக்காத கார் இந்தக் குளிரில் கொதிக்கிறதே என்று நான் கேட்டேன்.

“அங்க காத்து ஓசிக்குக் கெடைச்சுச்சுங்க ஐயா. இங்க காத்த நாமதான் உண்டாக்கணும். பேன் எப்பயோ செத்துப்போச்சு. மலைதான் காட்டிக் குடுத்துருக்கு” என்றார்.

அவர் வேலை செய்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கையில் இருந்தவை ஒரு சிறு பல்ப், அதில் பற்றவைத்த இரண்டு வயர், ஒரு குறடு. இவ்வளவுதான். எஞ்சின் ஆறும்வரை ரேடியேற்றர் மூடியைத் தொடவிடவில்லை. ஆறியபின் முதலில் தண்ணீரின் அளவைப் பார்த்தார். விசிறியை இயக்கும் வெப்ப சுவிட்ச் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். தண்ணீர் குறைந்து அந்த இடத்தில் காற்று நின்றால், எஞ்சின் எரிந்துகொண்டிருந்தாலும் சுவிட்சுக்குச் சூடு சரியாக எட்டாது, விசிறி சுழலாது. ஆகவே வயரைத் தொடுமுன் தண்ணீரைப் பார் என்பது முதல் விதி.

அடுத்து, சாவியை நிறுத்திவிட்டு விசிறியின் இதழைக் கையால் சுழற்றினார். இறுகியிருந்தால் மோட்டாரின் தாங்கி போய்விட்டது என்று பொருள். அது தடையின்றிச் சுழன்றது. பின்னர் பியூஸ். சிறிய காரின் விசிறி சுமார் பத்து அம்பியர் மின்சாரம் இழுக்கும்; இயங்கத் தொடங்கும் கணத்தில் அதற்கு மேலும் இழுக்கும். பியூஸ் எரிந்திருந்தால் புதிதைப் போட்டுவிட்டு ஓடுவது வேலையன்று, அது ஏன் எரிந்தது என்று கேட்பதே வேலை என்றார். பியூஸும் நன்றாகவே இருந்தது. மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, பற்றரியிலிருந்து நேராக இரண்டு வயர் கொடுத்துப் பார்த்தார். விசிறி சுழலவில்லை. மோட்டாரின் முதுகில் குறட்டால் மெல்லத் தட்டினார். ஒரு கணம் துள்ளிச் சுழன்று மறுபடி நின்றது. ஆக, குற்றவாளி உள்ளே தேய்ந்துபோன கார்பன் பிரஷ். பழைய மோட்டாரொன்றிலிருந்து எடுத்த பிரஷ்ஷை அரத்தால் தேய்த்து அளவாக்கிப் பொருத்தினார்.

மோட்டார் நேர்மின்சாரத்தில் சுழன்றிருந்தால் எங்கே தேடியிருப்பீர் என்று கேட்டேன். அதற்கும் ஒழுங்கு வைத்திருந்தார். வெப்ப சுவிட்ச் சாதாரணமாக 90 பாகையைத் தாண்டிய நிலையில் வேலை செய்து, சில பாகை குறைந்ததும் விசிறியை நிறுத்தும். பல கார்களில் அந்தச் சுவிட்சின் இரண்டு வயர்களையும் இணைத்துப் பார்த்தால் விசிறி சுழல வேண்டும். சுழன்றால் கோளாறு சுவிட்சில். ஆனால் அக்காலத்து டொயோட்டா கார்கள் பலவற்றில் ஏற்பாடு எதிர்மாறானது. குளிரில் சுவிட்ச் மூடியிருக்கும். சூட்டில் திறந்து, அதனால் விசிறி ஓடும். அங்கே வயரைக் கழற்றினால்தான் விசிறி சுழல வேண்டும். வயர் அறுந்துபோனாலும் விசிறி ஓடிக்கொண்டேயிருந்து எஞ்சினைக் காப்பாற்றட்டும் என்ற முன்யோசனை அது. இந்த வேறுபாட்டை அறியாதவர்கள் நல்ல சுவிட்சைக் கெட்டதென்று தூக்கியெறிந்து வீண்செலவு வைக்கிறார்கள்.

சுவிட்சும் சரியென்றால் ரிலே. சிறு மின்சாரத்தால் பெரு மின்சாரத்தைத் திறந்துவிடும் மதகு அது. கையை வைத்தால் ‘டிக்’ என்ற துடிப்புத் தெரிய வேண்டும். துடித்தும் விசிறி ஓடாவிட்டால் அதன் உள்முனைகள் கருகியிருக்கலாம். கடைசியாக எர்த் வயர். பழைய கார்களில் துருவும் பச்சை படிந்த செம்பும் பாதி நோய்க்குக் காரணம். மலையின் ஈரத்தில் அது இன்னும் விரைவு. விசிறி மெதுவாகச் சுழன்றால் மோட்டாரைக் குறைகூறுமுன் எர்த்தைச் சுரண்டித் துப்புரவாக்கிப் பார்க்க வேண்டும்.

அவர் சொன்ன இன்னொன்று எனக்கு வியப்பளித்தது. மோட்டாரைக் கழற்றிப் பூட்டுகிறவர்கள் சிலவேளை இரு வயர்களையும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். விசிறி சுழலும், சத்தமும் கேட்கும், ஆனால் எதிர்த்திசையில். எஞ்சின் பக்கமாகக் காற்றை இழுக்க வேண்டியது, முன்னால் தள்ளிவிட்டு எதிர்க்காற்றோடு சண்டை பிடிக்கும். ஆகவே வேலை முடிந்ததும் ஒரு துண்டுக் கடதாசியை ரேடியேற்றரின் முகத்தில் வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். ஒட்டிக்கொண்டால் சரி, பறந்தால் பிழை. அன்றும் அவ்வாறே வைத்துப் பார்த்தார். கடதாசி ஒட்டிக்கொண்டது.

இந்த அறிவு எந்தப் பாடசாலையிலிருந்து வந்தது? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கணக்குப் போட்டுப் பங்கிட்டது. 2003இல் நிறைவேறிய சட்டத்துடன்தான் எஞ்சியிருந்தோரின் நிலை ஒரு முடிவுக்கு வந்தது. அந்த இடைக்காலத்தில் அரச உத்தியோகம் அவர்களுக்கு எட்டாக் கனி. 1958இல் தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானபோது, அந்த டிப்போக்களின் வேலைகளும் குடியுரிமை உள்ளவர்களுக்கே உரியனவாயின. கராஜ் வாசலில் மட்டும் யாரும் குடியுரிமைப் பத்திரம் கேட்கவில்லை. ஸ்பானர் எடுத்துக்கொடுக்கும் பையனாக நுழைந்து, திட்டும் குட்டும் வாங்கி, பத்து வருடத்தில் பாஸாக வெளியே வரலாம். கொழுந்துக் கூடைக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் வெளியே திறந்திருந்த சில வாசல்களில் அதுவும் ஒன்று. பட்டத்தையோ சான்றிதழையோ தராத அந்தக் கல்வியின் பாடப்புத்தகம், கொதித்து நின்ற வாகனங்களேயாகும்.

போர்க்காலம் இதற்கு வேறொரு பாரத்தைக் கூட்டியது. அக்காலத்தில் தமிழர் ஒருவருடைய கார் அகால நேரத்தில் வழியில் நிற்பது வெறும் இயந்திரக் கோளாறாக முடிவதில்லை. அடையாள அட்டை, எங்கிருந்து எங்கே, யாரைப் பார்க்க என்ற கேள்விகள் தொடரும். சோதனைச் சாவடி வரிசையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க மணிக்கணக்கில் ஊர்ந்த கார்களுக்கு எதிர்க்காற்று ஏது? அந்த வரிசையே விசிறியின் பரீட்சை மண்டபம். மறுமுனையில், 1990களின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடியவை ஒஸ்டின், மொரிஸ் போன்ற பழைய கார்கள். பற்றரி உட்படப் பல பொருள்கள் தடுக்கப்பட்டிருந்த மண்ணில், எளிய கட்டமைப்பும் பெல்ட் விசிறியும் கொண்ட பழைய வாகனமே பிழைக்க வல்லதாயிருந்தது. புதியது எப்போதும் மேலானது என்ற நம்பிக்கைக்கு அந்த ஊர் ஒரு விதிவிலக்கு.

மலையகத்தில் கார் என்பது ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் தோட்டப் பாதைகளை அறியாதவர்கள். பிரசவ வலி கண்ட பெண்ணையும் பாம்பு தீண்டிய தொழிலாளியையும் ஒருகாலத்தில் தோட்டத்து லொறி சுமந்தது. பின்னர் முச்சக்கரவண்டி சுமந்தது. அதன் எஞ்சின் காற்றால் குளிர்வது, ரேடியேற்றரே இல்லை. 2016இல் தொடங்கிய ‘1990 சுவசெரிய’ அம்புலன்ஸ் சேவை பின்னர் நாடு முழுவதும் விரிந்தது பெரும் ஆறுதல். ஆயினும் பக்கத்து வீட்டுப் பழைய கார் இன்றும் அவசரத்துக்குக் கைகொடுக்கிறது. வளைந்துபோன ஒரு ஹெட்டைச் செப்பனிட ஆகும் செலவு, வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் குடும்பமொன்றின் பல மாத வருமானத்தை விழுங்கிவிடும். தேய்ந்துபோன ஒரு கார்பன் பிரஷ்ஷை நேரத்துக்குக் கண்டுபிடிப்பவர் அந்தக் குடும்பத்துக்குச் செய்வது சிறிய உதவியன்று.

அறியாமையால் பரவிய பழக்கங்களும் உண்டு. எமது நாடு வெப்பநாடு, ஆகவே தெர்மோஸ்டற் தேவையில்லை என்று அதைக் கழற்றி எறிவது அவற்றில் ஒன்று. தெர்மோஸ்டற் இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டை அடைய நெடுநேரம் எடுக்கும், எரிபொருள் வீணாகும், தேய்மானம் கூடும். விசிறியின் கோளாறு மட்டும் அதனால் தீர்ந்துவிடாது. பச்சைத் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓடுவது மற்றொன்று. துருத்தடுப்புக் கலந்த கூலன்ட் இல்லாத இடத்தில் அலுமினியம் அரிக்கும். ரேடியேற்றரின் நுண்குழாய்கள் அடைபடும். மூன்றாவது, சுவிட்சையும் ரிலேயையும் ஒதுக்கிவிட்டு, டாஷ்போர்டில் ஒரு சாதாரண சுவிட்சைப் பூட்டி விசிறியை ‘டிரெக்ட்’ ஆக்குவது. அவசரத்துக்கு அது உயிர்காக்கும். நிரந்தரமாக்கினால், அந்தச் சுவிட்சைப் போட மறக்கும் சாரதிக்காக மலை காத்திருக்கும்.

கோளாறு எங்கே என்று அறிய ஒரு எளிய வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். நிற்கும்போதும் ஊரும்போதும் சூடாகி, ஓடத் தொடங்கியதும் முள் இறங்கினால் சந்தேகம் விசிறியின் மேல். நெடுஞ்சாலையில் விரைந்து ஓடும்போதே சூடேறினால் அடைபட்ட ரேடியேற்றரையோ தண்ணீர்ப் பம்பையோ தெர்மோஸ்டற்றையோ பார்க்க வேண்டும். இரண்டிலும் பொதுவான விதி ஒன்று: முள் சிவப்பை எட்டினால் நிறுத்துங்கள், ஆறாத மூடியைத் திறக்காதீர்கள்.

2020 மார்ச் மாதத்தில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இன் பொருளாதார வீழ்ச்சியில், 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. உதிரிப்பாகங்களின் விலையும் அதனோடு ஏறியது. எரிபொருள் வரிசைகளில் ஊர்ந்த கார்களுக்கு மறுபடியும் விசிறிப் பரீட்சை. தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அதுவும் கடும் வரிகளோடு. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நாடு ஓடியது பழைய வாகனங்களால். 1970களில் நடந்தது போலவே, அவற்றை ஓடவைத்தது பெயர் தெரியாத பாஸ்மாரின் கைகள். இன்று வருகின்ற கார்களில் விசிறியின் வேகத்தைக் கணினி தீர்மானிக்கிறது. பல்பும் இரண்டு வயரும் கொண்டு அதன் நோயை முழுவதும் அறிய முடியாது. ஆகவே அந்தப் பழைய அறிவு எங்கள் கண்முன்னே மெல்ல விடைபெறுகிறது.

தோட்டத்துரைமாரின் நாட்குறிப்புகள் ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. லயத்தில் பிறந்து எஞ்சினின் நாடி பிடிக்கக் கற்றுக்கொண்டவர்களின் அனுபவங்கள் எங்கும் இல்லை. மலையகத்தின் 200 ஆண்டுகளைப் பற்றி ஆய்வு செய்யும் பல்கலைக்கழக மாணவர்கள், கூலிக் கணக்குகளையும் ஒப்பந்தங்களையும் புரட்டும் அதே சிரத்தையோடு மாத்தளை, வத்தேகம, எல்கடுவ கராஜ்களுக்கும் ஒருமுறை போகவேண்டும். முதியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். எந்த ஆண்டில் எந்த வாகனம் முதலில் வந்தது, அதன் வயரிங்கைத் தாங்கள் எப்படிப் படித்தார்கள், யாரிடம் படித்தார்கள், யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு கொப்பியும் ஒரு பேனையும் போதும்.